பென்னாகரம் ரோட்டு சலூனும் ஒரு ரஷ்யக்காரர் மீசையும்

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி பென்னாகரம் ரோட்டில், தவிடு புண்ணாக்குக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். வெயில் பட்டுப் பட்டுப் போர்டில் பெயர் போய்விட்டது. கத்தரியும் சீப்பும் வரைந்த படம்தான் மிச்சம். கூகுளில் தேடினால் வராது. ஏ.சி. கிடையாது. கட்டிங் 120 ரூபாய், சேவிங் 60, மீசை மட்டும் என்றால் 40. செவ்வாய்க்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறவர்கள் மதியச் சோற்றுக்கு வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

நான் முன்பு போய்க்கொண்டிருந்தது வேறு கடை. பைபாஸ் பக்கம், கண்ணாடிக் கதவு போட்டது. பெயர் வேண்டாம். மச்சான் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அங்கே போனேன். காதில் ப்ளூடூத் மாட்டியிருந்த பையன் யாரோடோ பேசிக்கொண்டே மெஷினை மேலுதட்டில் வைத்தான். இடது பக்கத்தில் பாதியைக் காணோம். சமன் பண்ணுகிறேன் என்று வலதைக் குறைத்தான். அது அதிகமாகிப்போக, மறுபடி இடது. குரங்கு அப்பம் பங்கு வைத்த கதைதான். கடைசியில் மொத்தமாக வழித்துவிட்டு, “சார், பத்து வயசு குறைஞ்சிடுச்சு” என்றான்.

ஐம்பதைத் தொடப்போகிற ஆள் மீசையை எடுத்துக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போனால் நம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? பந்தலில் நுழைந்ததும் ஒரு பெரியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எப்பப்பா ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே” என்று கண்கலங்கினார். அப்பா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மீசை திரும்ப அடர்ந்து வர ஐந்து மாதம் ஆயிற்று. இந்தத் தடவை எவன் கையிலும் சும்மா தலையைக் கொடுப்பதில்லை, போட்டோ காட்டித்தான் வெட்டுவது என்று முடிவு பண்ணினேன். என் போனில் ரொம்ப நாளாக இருக்கிற போட்டோ ஒன்று உண்டு. ஸ்தானிஸ்லாவ் செர்ச்செசோவ். 2018 உலகக் கோப்பையில் ரஷ்ய அணியின் கோச். நான் அரசுப் பள்ளி பி.டி. மாஸ்டர், காலேஜ் நாளில் கோல்கீப்பர். அவரும் கோல்கீப்பர். தலை விஷயத்திலும் எங்களுக்குள் ஒற்றுமை உண்டு. அவருக்குச் சுத்தமாக இல்லை, எனக்கு ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது.

சலூன்காரருக்கு அறுபது வயதிருக்கும். போட்டோவைக் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி, அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. “மாஸ்டர், பக்கவாட்டுல எடுத்தது ஒண்ணு இருக்குமா?”

தேடி எடுத்துக் கொடுத்தேன். படத்தையும் என் மூஞ்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“மேலுதட்ட முழுசா மூடி விட்டிருக்காரு. முறுக்கல, ரெண்டு பக்கமும் லேசா எறக்கியிருக்கு. அவருக்கு மூக்குக்குக் கீழ எடம் ஜாஸ்தி. உங்களுக்கு அவ்ளோ இல்ல. அப்படியே வச்சா நீங்க டீ குடிக்கறதுக்கு முன்னாடி மீசை குடிச்சிரும். ஒரு நூலு ஏத்தி வெட்டறேன்.”

இதுதான் கடையின் முதல் பலம். கேட்டதை அப்படியே வெட்டித் தள்ளுகிற ஆள் இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார். புது பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகி, மீதியை என் கண் முன்னாலேயே பெட்டியில் போட்டார். பழைய பிளேடு பேச்சுக்கே இடமில்லை.

“யாரு மாஸ்டர் இவரு, போலீஸா?”

“ஃபுட்பால் கோச் அண்ணா. ரஷ்யாக்காரர்.”

“அங்கயே கோச்சா?”

“ஊர் ஊரா. ஆஸ்திரியா, போலந்து, ஹங்கேரி...”

“அப்ப நம்ம கேஸு” என்று நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். இவர் பதினோரு வருஷம் பெங்களூர் மடிவாளாவில் வேலை பார்த்தவர். தர்மபுரியில் வீட்டுக்கு ஒருவராவது பெங்களூர் பஸ் ஏறியிருப்பார்கள். வெளியூர் பொழப்பு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், இங்கே எல்லாரும் ஒரே ஜாதி.

இந்தக் கடையின் முதல் குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதை கேட்டால் இவர் கை நின்றுவிடும். ஏனோதானோவென்று ‘உம்’ கொட்டுகிற ரகம் இல்லை. முகத்தில் நுரை காயக் காய, கத்தியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு முழுதாகக் கேட்பார். அரை மணி நேர வேலை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. “நான் மீசைக்காரர்னே சொல்றேன்” என்றார்.

மீசைக்காரர் 1963-ல் பிறந்தது வடக்கு ஒசேத்தியாவில் அலகிர் என்கிற ஊர், காகசஸ் மலையடிவாரம். மாஸ்கோவில் ஸ்பார்டக் அணிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே கோலில் நின்றவர் ரினாத் தசாயேவ். அன்றைக்கு உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த கீப்பர். நடுவில் ஆடுகிறவனுக்கு நாலு இடம் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று. கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். முன்னால் நிற்கிறவன் நகர்ந்தால்தான் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், ஒரு வருஷம் லோகோமோடிவ் அணிக்குப் போய் ஆடினார். 1988-ல் தசாயேவ் ஸ்பெயினில் செவில்லாவுக்குக் கிளம்பிய பிறகுதான் இவருக்கு வழி திறந்தது. அடுத்த வருஷமே, 1989-ல், ஸ்பார்டக் சோவியத் சாம்பியன்.

“மடிவாளாவுல எனக்கு மூணு வருஷம் கூட்டறதும் நுரை போடறதும்தான் வேலை” என்றார் அண்ணன். “பெரியவரு ஊருக்குப் போன அன்னிக்குத்தான் மொத மொத கத்தி கைக்கு வந்துச்சு.”

1990-ல் ஐரோப்பியக் கோப்பையில் மாரடோனா ஆடிய நேப்பிள்ஸ் அணியோடு ஸ்பார்டக் மோதியதைச் சொன்னேன். மாரடோனா என்ற பெயர் காதில் விழுந்ததும் பக்கத்து நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரும் திரும்பிவிட்டார். இரண்டு ஆட்டத்திலும் கோல் இல்லை. மாஸ்கோவில் பெனால்டி. மாரடோனா அடித்தது உள்ளே போனது.

“போச்சா?” என்றார் பெரியவர்.

“போச்சு. ஆனா 5–3-ன்னு ஜெயிச்சது ஸ்பார்டக்.” அதே சீசனில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 3–1 என்று அடித்து அரையிறுதி வரை போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கத்தி அப்போது என் வலது கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றில் நின்றுகொண்டிருந்தது.

1993-ல் ஜெர்மனி, டைனமோ டிரெஸ்டன். போன இடம் சரியில்லை. 1995-ல் அந்த அணி கடைசி இடத்தில் முடித்து, லைசன்சும் பறிபோய், மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. நடுவில் 1994 உலகக் கோப்பை. கேமரூனோடு ஆடிய மேட்சில் இவர்தான் கீப்பர். ரஷ்யா 6–1 என்று ஜெயித்தது, சலென்கோ ஒருத்தரே 5 கோல். ஆனால் அந்த மேட்சைப் பற்றிப் பேசுகிற யாரும் இவரைப் பேசுவதில்லை. சலென்கோவைப் பேசுவார்கள், இல்லையென்றால் 42 வயதில் கோல் அடித்த ரோஜர் மில்லாவைப் பேசுவார்கள். அந்தக் கோல் யார் காலடியில் உள்ளே போனது என்று கேட்டால்தான் இவர் பெயர் வரும். கீப்பர் ஜாதகம் அப்படி.

டிரெஸ்டன் கவிழ்ந்ததும் பழைய ஸ்பார்டக்குக்கே திரும்பினார். 1995 சாம்பியன்ஸ் லீகில் குரூப் மேட்ச் ஆறு, ஆறிலும் ஜெயம். பிளாக்பர்ன், ரோசன்போர்க், போலந்தின் லேகியா வார்சா, எல்லாரும் தோற்றுப் போனார்கள். லேகியா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். ஆனால் மறந்துவிட்டார், பின்னால் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக், மலைக்கு நடுவில் ஒரு ஊர். 1996 முதல் 2002 வரை அங்கேதான். 2000, 2001, 2002 மூன்று வருஷமும் தொடர்ந்து சாம்பியன். கடைசிச் சீசனில் கோச் யோவாகிம் லோவ். பின்னால் 2014-ல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான். மூன்றாவது கோப்பையைத் தூக்கின அதே 2002-ல் கிளப் திவாலாகிவிட்டது.

“ஜெயிச்சிட்டு மூடிட்டானுங்களா?”

“ஆமாண்ணா.”

“எங்க மொதலாளியும் அப்படித்தான். தீபாவளிக்கு நிக்க எடமில்லாத கூட்டம். பொங்கலுக்குக் கட்டடத்தையே வித்துட்டான்” என்று சொல்லிவிட்டு அண்ணன் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக் காய்ந்த நுரையை மறுபடி நனைத்தார். இது மூன்றாவது தடவை.

நான் அவருக்கு அழுத்திச் சொன்னது அதற்கப்புறம் நடந்ததை. இரண்டு உலகக் கோப்பை அணியில் இருந்த ஆள், 2004-ல் கோச்சாக ஆரம்பித்தது எங்கே? குஃப்ஸ்டைன். ஆஸ்திரியாவிலேயே பல பேருக்கு அங்கே கோட்டை இருப்பது தெரியும், ஃபுட்பால் டீம் இருப்பது தெரியாது. அதியமான்கோட்டை அளவு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாஸ்கோவுக்குப் போய்ப் பெரிய நாற்காலி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆடிய மாநிலத்திலேயே, பேசிப் பழகிய ஜெர்மன் மொழியிலேயே, கீழே இருந்து தொடங்கினார். அங்கிருந்து இன்ஸ்புருக்கில் வாக்கர் டிரோல், அங்கிருந்துதான் ஸ்பார்டக். 2008-ல் ஸ்பார்டக் வெளியே அனுப்பியது. பிறகு சோச்சி, கிரோஸ்னி, பெர்ம், டைனமோ மாஸ்கோ. இதையெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயர்களைச் சொல்லும்போது கை நிற்காமல் வேலை நடந்தது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

2015 அக்டோபரில் லேகியா வார்சா. இருபது வருஷத்துக்கு முன்னால் கீப்பராக நின்று தோற்கடித்த அதே கிளப், தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் இவரைக் கூப்பிட்டது. 2016 அந்த கிளப்புக்கு நூற்றாண்டு. லீக், கோப்பை இரண்டையும் அதே சீசனில் வாங்கிக் கொடுத்துவிட்டு ரஷ்யத் தேசிய அணிக்குப் போனார்.

இனிமேல்தான் கொஞ்சம் கஷ்டம். தாடையைத் தூக்கச் சொல்லி, கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, “2018-ல என்னாச்சு மாஸ்டர்?” என்று கேட்டார். பேசினால் அறுபடும். நான் கண்ணை உருட்டினேன். “சரி சரி, முடிச்சிட்டுக் கேக்கறேன்” என்றவர், தொண்டைக்குழிக்குக் கீழிருந்து தாடை எலும்பு வரைக்கும் ஒரே இழுப்பு. தோலை இடது கை விரலால் மேலே இழுத்துப் பிடித்த விதம், கத்தி போன பாதை, எங்கேயும் ஒரு உரசல் இல்லை. சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கழுத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு சலூனிலும் அதில் ரத்தம் பார்த்திருக்கிறேன். இவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார், வயலில் கல்லைச் சுற்றி ஏர் ஓட்டுகிற மாதிரி.

கத்தி எடுத்ததும் சொன்னேன். உலகக் கோப்பைக்கு முன்னால் ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கவில்லை. ஃபிஃபா தரவரிசையில் 70-வது இடம். போட்டிக்கு வந்த 32 அணியில் அதுதான் கடைசி. சொந்த நாட்டுப் பத்திரிகைகளே காய்ச்சி எடுத்தன. இவர் மீசையைக்கூட விட்டுவைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் சவுதியை 5–0, அடுத்து எகிப்தை 3–1. உருகுவேயிடம் 0–3. ஜூலை 1-ம் தேதி மாஸ்கோவில் ஸ்பெயின்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நம் நேரத்துக்கு ராத்திரி ஏழரை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆறு பேர் என் வீட்டு ஹாலில். ரஷ்யாவின் 38 வயது இக்னாஷேவிச் காலில் பட்டுச் சொந்தக் கோல், ஸ்பெயின் முன்னிலை. அப்புறம் ஸ்பெயினின் பிக்கே கையில் பந்து பட்டு, ரஷ்யாவின் ஸ்யூபா பெனால்டி அடித்து 1–1. மீதி நேரம் முழுக்க ஸ்பெயின் பாஸ் போட்டுக்கொண்டே இருந்தது, ஆயிரத்துக்கும் மேல். ரஷ்யா ஐந்து டிஃபெண்டரை நிறுத்தி, இறங்கி வராமல், கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. பார்க்க அழகில்லை. என் பையன்களில் இரண்டு பேர் தூங்கியே போனார்கள். ஆனால் கீப்பர் மூளையோடு பார்த்தால் அது புரியும். பந்து உன்னிடம் இல்லாத நேரத்தில் என்ன பண்ணுகிறாய் என்பதுதானே கீப்பர் வேலை. 120 நிமிஷம் ஒரு நாட்டையே கீப்பர் மாதிரி நிற்க வைத்தார். பெனால்டியில் ரஷ்யக் கீப்பர் அக்கின்ஃபியேவ், ஸ்பெயினின் கோக்கே அடித்ததைத் தடுத்தார். கடைசியாக அஸ்பாஸ் வந்தார். கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து நடுவில் வருகிறது, விட்டுவந்த இடது காலை மட்டும் மேலே தூக்கி...

நாற்காலியில் சாய்ந்தபடியே காலைத் தூக்கிக் காட்டினேன். முட்டி பலகையில் இடித்து பவுடர் டப்பா கீழே விழுந்தது. “விடுங்க மாஸ்டர், விடுங்க, பந்து?” என்றார் அண்ணன். “வெளியே!” என்றேன். சாயம் பூசின பெரியவர் கை தட்டினார்.

அடுத்து குரோஷியா, கூடுதல் நேரத்தில் 2–2, பெனால்டியில் தோற்றார்கள். 2021-ல் யூரோ போட்டியில் பெல்ஜியத்திடமும் டென்மார்க்கிடமும் அடி வாங்கி முதல் சுற்றோடு வெளியே. வேலையும் போயிற்று. மறுபடி பெட்டியைக் கட்டினார். புடாபெஸ்டில் ஃபெரென்ஸ்வாரோஸ். 2022-ல் அங்கேயும் லீக், கோப்பை இரண்டும். 2023-ல் மறுபடி லீக். யூரோப்பா லீகில் மொனாக்கோவெல்லாம் இருந்த குரூப்பில் முதலிடம். அந்த ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. எதிரணி ஃபாரோ தீவுகளின் கிளாக்ஸ்விக். மொத்தத் தீவுகளையும் சேர்த்தாலே நம் தர்மபுரி டவுன் ஜனம் தேறாது. அந்த ஊரில் ஐயாயிரம் பேர். அங்கே போய் 0–0. சொந்த மைதானத்தில் 0–3. உடனே வேலை போய்விட்டது.

“ரெண்டு வருஷம் நல்லா வெட்டினதெல்லாம் கணக்குல இல்லியா?”

“இல்லண்ணா.”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியை எடுத்து, கடைசியாக மீசைக்கு வந்தார். ஈரச் சீப்பால் கீழ்நோக்கி வாரி, உதட்டு ஓரத்தில் ஒவ்வொரு முடியாக, கண்ணாடியைப் பார்க்காமல் என்னையே பார்த்து வெட்டினார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதில் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை. படிகாரம் தடவி, பவுடர் போட்டு, நாற்காலியை நிமிர்த்தினார்.

மீசை எப்படி வந்திருந்தது என்றால், ரஷ்யக்காரர் மீசை மாதிரி இல்லை. என் மூஞ்சிக்கு ஒரு ரஷ்யக்காரர் பொறுப்பாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மறுநாள் பிரேயரில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தானாக அட்டென்ஷனில் நின்றார்கள். மூன்று வாரம் ஆகியும் உருக்குலையவில்லை.

மற்ற குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தலை சாய்க்கிற மெத்தை கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தெரிகிறது. துண்டு துவைத்ததுதான், ஆனால் பழசு. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், இன்வெர்ட்டர் கிடையாது. சித்திரை, வைகாசியில் யோசித்துப் போங்கள். காத்திருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பெஞ்ச். குழந்தைகளுக்கு வேறு கடை பாருங்கள், அவ்வளவு நேரம் அவை உட்காராது. அவசர வேலை இருக்கிறவர்களும் இங்கே வர வேண்டாம். ஜிபே உண்டு. சேவிங்கும் மீசையும் சேர்த்து 100 ரூபாய் ஆயிற்று. பவுடர் டப்பாவுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

போன வாரம் மறுபடி போனேன். மேலாடை கட்டி, நுரை போட்டு, கத்தியில் பாதி பிளேடைச் செருகிய பிறகு ஆரம்பித்தார்.

“மாஸ்டர், ஒரு விசயம். அந்த அஞ்சாயிரம் பேரு ஊர்ல, நம்ம மீசைக்காரரத் தோக்கடிச்சாங்களே. அந்த டீமுக்குக் கோச் யாரு?”

“மாக்னே ஹோசத்னு ஒருத்தர். அவரும் பழைய பிளேயர்தான்.”

“உள்ளூரா?”

“இல்லண்ணா. நார்வேலருந்து வந்தவரு.”

கத்தி காற்றில் நின்றது. “அவரும் வெளியூரா?” என்றார்.